இருபத்துமூன்று வண்டிகளுக்குப் பொட்டு

ஆயுதபூசை அந்த வருஷம் ஒரு சனிக்கிழமையில் வந்தது. எல்ல என்ற ஊரில் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிய ஜீவராணி, தேயிலைக்குள் ஏறும் படிகளில் பாதி தூரம் வந்தபோதே லயத்து வரிசை வீடுகளின் வாசலில் கூட்டம் நிற்பதைக் கண்டாள். நாலரை மணி இருக்கும். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நமுனுகுல மலையின் தலை மட்டும் மேகத்துக்குள் இருந்தது. கூட்டம் தன் வீட்டு வாசலில்தான் என்று தெரிந்ததும், மிச்சப் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. சிமெந்து வாசலில் பாய் ஒன்று விரித்திருந்தது. பாயின் மேல், அவளுடைய கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கவேண்டிய இருபத்துமூன்று வண்டிகளும் ஒரே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும் வண்டி. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் குங்குமம், கூரையில் ஒரு செவ்வந்தி இதழ். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நசுங்கிக் கிடந்தது ஒரு சுண்டைக்காய்.

வரிசையின் கோடியில் அவள் புருஷன் ஜெயரூபன் குந்தியிருந்தான். நெற்றி நிறைய விபூதி. முகம் நிறையச் சிரிப்பு.

"வா ராணி, வா! சரியான நேரத்துக்கு வந்த. இப்பத்தான் கடேசி வண்டிய ஏத்தி எறக்கினேன்."

அவள் தோளிலிருந்த பையை இறக்கினாள்.

"எலுமிச்சங்கா வச்சுப் பாத்தேன். அது வண்டிய விட ஒசரமா நிக்குது. அப்பறம் யோசிச்சுத்தான் சுண்டைக்கா. சும்மா சொல்லக்கூடாது, எல்லா வண்டியும் ஏறிருச்சு."

"எங்க ஏறுச்சு?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியாயி. "அந்தச் செவப்பு வண்டி நொண்டிக்கிட்டு நின்னுச்சு. இவந்தான் கழுத்தப் புடிச்சுத் தள்ளுனான். ராணி, ஒம் புருசன் கற்பூரம் காட்டுனப்ப நாங்க எல்லாம் கும்புட்டோம்டி. என்னா சாமின்னு கேக்காத. கும்புட்டோம், அவ்வளவுதான்."

எதிர்வீட்டுக் கிருஷ்ணராஜ் போனை உயர்த்திக் காட்டினான். "முழுசா வீடியோ எடுத்திருக்கேன் மதினி. அனுப்பிட்டேன் பாருங்க."

ஆயுதபூசை என்றால் தோட்டத்தில் பொட்டு வாங்காத பொருள் இல்லை. கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, தையல் மெஷின், ரேடியோ, ஓட்டோ, கொழுந்து ஏற்றும் லொறி எல்லாவற்றுக்கும் அன்று மரியாதை உண்டு. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். ஜெயரூபன் அந்த ஸ்டோரில் ரோலர் மெஷின் ஓட்டுகிறவன். வருஷா வருஷம் அங்கே மெஷின்களுக்கு வைத்து மிஞ்சிய சந்தனத்தைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வீட்டுக் கத்தரிக்கோலுக்கும் அரிவாள்மனைக்கும் வைப்பான். அலுமாரியின் பக்கம் அவன் போனதில்லை. ஒன்பது வருஷமாக அது 'ஒன்னோட பொம்மைங்க' இருக்கும் இடம். இந்த வருஷம்தான், கிண்ணத்தில் நிறைய மிஞ்சியதாலோ, மனதில் நிறைய மிஞ்சியதாலோ, அவை வண்டிகள் என்று அவனுக்குப் பட்டிருக்கிறது.

அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கத்த முடியவில்லை. ஆனால் அவள் கண் வரிசையில் ஒன்றை மட்டும் தேடிக்கொண்டிருந்தது. ஏழாவதாக அது நின்றது. பால் வண்டி. அப்போது கறந்த பாலின் நிறம். அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு, மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக.

"அது பெட்டிக்குள்ள இருந்துச்சு" என்றாள். அன்று அவள் வீட்டில் பேசிய முதல் பேச்சு அது.

"ஆமா, பெட்டியத் தொறந்துதான் எடுத்தேன். எல்லாத்துக்கும் வச்சுட்டு அதுக்கு மட்டும் வைக்காம விட்டா கோவிச்சுக்கும்ல?"

அவள் குனிந்து பால் வண்டியைக் கையில் எடுத்தாள். பஞ்சைத் தண்ணீரில் தொட்டு, ஒரே ஒரு தடவை, மெதுவாக ஒற்றினாள். சந்தனம் வந்தது. குங்குமம் வந்தது. குங்குமத்தின் சாயம் வரவில்லை. பால் நிறத்தின் நடுவில், குழந்தையின் உதட்டைப்போல, ஒரு ரோஸ் வட்டம் நின்றுவிட்டது.

ஜெயரூபன் அவள் முகத்தைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ராணி... நாளைக்கு பதுளைக்கு கொண்டு போறேன்னியே, அது இந்த வண்டியா?"

அவள் தலையாட்டினாள்.

"ஐயையோ" என்றான் அவன், பாய்மேல் அப்படியே உட்கார்ந்து.

*

ஜீவராணி பேசாத பெண் என்று லயத்தில் பெயர். துக்கத்தினாலோ கர்வத்தினாலோ அல்ல. பேச்சில் பெரும்பாதி இல்லாமலே காரியம் நடந்துவிடும் என்று சின்ன வயதிலேயே கண்டுகொண்டவள். எல்லயில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். வெறும் அறைகளில் வேலை செய்கிறவளுக்கு மௌனம் ஒரு பழகிய சட்டையைப்போல.

ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த விடுதிக்கு மிஷேல் என்ற கிழவர் வந்தார். பிரான்ஸில் ஏதோ ஒரு சிற்றூரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அறை மேசையில், மிகப் பெரிய சோப்புக் கட்டி ஒன்றை முதுகில் சுமந்த குட்டி வண்டி இருந்தது. அதைத் தூசி தட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே அவள் வைத்தாள். ஏழு நாளும் அப்படியே வைத்தாள். போகும்போது கிழவர் அதை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு காலத்தில் அவருடைய நாட்டில் கம்பெனிக்காரர்கள் இப்படித்தான் விளம்பரம் செய்தார்களாம். சவர்க்காரம் விற்பவன் லொறியின் மேல் கட்டிலளவு சவர்க்காரத்தைக் கட்டி ஊர் ஊராக ஓட்டினான். பிஸ்கட் விற்பவன் வண்டியையே பிஸ்கட் டின் ஆக்கினான். நாடு முழுதும் ஓடும் பெரிய சைக்கிள் பந்தயத்தில், சைக்கிள்காரர்களுக்கு முன்னால் இந்த வண்டிகள் ஊர்வலம் போகும். அவற்றை நாற்பத்துமூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி உலோகத்தில் வார்த்துப் பெட்டியில் விற்கிறார்கள். அதைச் சேர்க்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மிஷேலும், அவர் சொல்லி வரும் நண்பர்களும் ஒன்றும் இரண்டுமாகக் கொண்டுவந்து கொடுத்ததில் ஜீவராணியிடம் இருபத்துமூன்று சேர்ந்தன. மற்ற வீடுகளில் கண்ணாடி அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகள் இருக்கும். அவள் வீட்டில் குடையும் செருப்பும் பாலும் பிஸ்கட்டும் நாலு சக்கரத்தில் நின்றன.

அவளிடம் இல்லாதது மைக்கூட்டு வண்டி. மிஷேலின் போனில் அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மூடி போட்ட மைக்கூடு ஒன்று, ஆள் உயரத்தில், அவ்வளவு அக்கறையான முகத்தோடு சாலையில் போகிறது. அதை ஓட்டிப் போனவன் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் என்ன சொல்லியிருப்பான்? இப்போதும் எப்போதாவது, கட்டில் விரிப்பை உதறும்போது, அது நினைவுக்கு வந்து தனியாகச் சிரிப்பாள்.

அந்த வண்டி ஊவா மாகாணத்தில் ஒருவரிடம் இருந்தது. பதுளை பஸார் வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பவாஸ். நூற்று நாற்பது வண்டி வைத்திருக்கிறவர். பேஸ்புக்கில்தான் பழக்கம். ஆறு மாதம் கெஞ்சாத குறையாக அவள் கேட்டபின், 'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்னும் அவர் பேச்சில் குரல் செய்தி வந்தது: "ஒங்கட பால் வண்டியக் கொண்டு வாங்க, மாத்திக்கலாம். பெட்டி ஈக்கணும். பெட்டிக்குள்ள கடதாசி ஈக்கணும். பெயின்ட்டுல ஒரு ஊசி முனை அளவு கீறலும் ஈக்கப்படாது. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாங்க. திங்கக்கிழமை கொழும்புலருந்து ஒருத்தர் வேற வண்டியோட வாரார். நீங்க வரல்லையெண்டா அவருக்குத்தான்."

ஊசி முனை. அந்த ரோஸ் வட்டத்துக்குள் நூறு ஊசிகளைக் குத்தி வைக்கலாம்.

*

"பல்பசை போட்டுத் தேச்சா?" என்றான் ஜெயரூபன், ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில்.

அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"மண்ணெண்ண?"

மறுபடியும் தலையசைப்பு.

"வெள்ள பெயின்ட்ட ஒரு சொட்டு..."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். பஸ் பசறையைத் தாண்டி வளைவுகளில் இறங்கியது. மடியில் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

அவன் ஏன் வருகிறான் என்று அவள் கேட்கவில்லை. விடியும்போதே குளித்து, வெளுத்த சட்டை போட்டு வாசலில் நின்றான். தப்புச் செய்தவன் கூடவே வந்து தலையைக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தான் போலிருக்கிறது. அவளுக்குக் கோபம் இருந்ததா? தேடிப் பார்த்தாள். மேலாகக் கொஞ்சம் இருந்தது. அதற்கடியில் வேறு ஒன்று இருந்தது. அதன் பெயர் தெரியவில்லை. நேற்று மாலை அவன் செவ்வந்தி இதழ்களைக் கிள்ளிக் கிள்ளி, கூரைக்கு ஏற்ற அளவில் தேர்ந்து வைத்திருக்கிறான். பிஸ்கட் வண்டிக்குப் பெரிய இதழ், செருப்பு வண்டிக்குச் சின்ன இதழ். அந்த விரல்கள் ரோலர் மெஷின் ஓட்டிக் காய்த்த விரல்கள்.

"பெட்டிய அந்தப் பக்கமாத் திருப்பிக் கொடுத்தா தெரியாது ராணி. பின்பக்கம் நல்லாத்தானே இருக்கு."

"சொல்லிட்டுத்தான் கொடுப்பேன்" என்றாள் அவள்.

"வாங்கலேன்னா?"

திங்கட்கிழமை மைக்கூட்டு வண்டி கொழும்புக்குப் போய்விடும். அப்புறம் அதைப் படத்தில்தான் பார்க்கலாம்.

*

கடைக்கதவு பாதி இறக்கியிருந்தது. உள்ளே நீளமான கண்ணாடி மேசை. அதற்குள் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாகக் கிடந்தன. பவாஸுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், இரண்டு கையிலும் வெள்ளைத் துணி உறை போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அலுமாரி. நூற்று நாற்பது வண்டிகள், ஒவ்வொன்றும் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஒரு சின்னப் பலகையில் திருகாணி போட்டு இறுக்கப்பட்டு. ஒன்றின் மேலும் ஒரு தூசி இல்லை. ஆஸ்பத்திரி வாட்டுக்குள் வந்ததுபோல ஜெயரூபன் குரலைத் தாழ்த்தினான்.

மேசையின் மேல் மைக்கூட்டு வண்டி தனியாக இருந்தது. படத்தில் பார்த்ததை விட அது இன்னும் அக்கறையான முகத்தோடு இருந்தது. நீலக்கூடு, கறுத்த மூடி, பக்கத்தில் பொன்னிற எழுத்து. ஜீவராணி அதைப் பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று உள்ளிருந்து எலுமிச்சைத் தண்ணீரோடு வந்தாள் பவாஸின் மனைவி ஸுபைரா. "ஆறு மாசமா இந்த மனுசன் ஒங்கட பால் வண்டியப் பத்தித்தான் பேச்சு. வீட்டுல பால் முடிஞ்சு போனாக் கூட இவ்வளவு பேச மாட்டார்."

ஜீவராணி பெட்டியை மேசையில் வைத்தாள். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே 'நானா' என்பார்கள். "நானா, ஒரு விசயம். நெத்தியில ஒரு கறை இருக்கு. நேத்துப் பட்டது."

பவாஸ் வண்டியை வெளியே எடுத்தார். கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார். பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே போய், சத்தம் தேய்ந்து, இல்லாமல் ஆனது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எனத்த கறை?"

"குங்குமம்ங்க" என்றான் ஜெயரூபன், எழுந்து நின்று. "அவளச் சொல்லாதீங்க நானா. நான்தான். ஆயுதபூசைக்கு வச்சேன்."

"இதுக்கா?"

"வண்டிதானேங்க."

பவாஸ் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "வண்டிதான்" என்றார், வருத்தமாக. "ஆனா தங்கச்சி, நான் சொன்னேன்தானே. கீறலும் கறையும் உள்ளதை நான் எடுக்கிறதில்ல. இந்த அலுமாரிக்குள்ள அப்படி ஒண்டும் இல்ல. ஒண்டுக்கு விட்டா, பொறகு எல்லாத்துக்கும் விடணும்."

"சரி நானா" என்றாள் ஜீவராணி. பால் வண்டியை எடுத்து, கடதாசியைச் சுற்றி, பெட்டிக்குள் வைத்தாள். மைக்கூட்டின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்டு வெளங்கல்ல" என்றாள் ஸுபைரா. "இவ்வளவு சின்ன வண்டிக்கு எப்படிப் பொட்டு வைக்கிற?"

"ஈர்க்குச்சியாலங்க" என்றான் ஜெயரூபன். கேட்டதற்காகவே காத்திருந்தவன்போல உற்சாகம் திரும்பியது. "எல்லாத்துக்கும் வச்சேன். இருபத்துமூணுக்கும். எலுமிச்சங்காய்க்குப் பதிலா சுண்டைக்கா. ராணி, அந்த வீடியோவக் காட்டு."

"வேணாங்க" என்றாள் அவள். ஆனால் ஸுபைரா கையை நீட்டிவிட்டாள்.

வீடியோவில் பெரியாயியின் குலவைச் சத்தம் கடையை நிறைத்தது. பாய்மேல் வண்டிகள் நின்றன. ஜெயரூபன் ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் தள்ள, அது சுண்டைக்காயின் மேல் ஏறி, யோசித்து, 'பொச்சக்' என்று இறங்கியது. ஒவ்வொரு 'பொச்சக்'குக்கும் லயமே கைதட்டியது. செருப்பு வண்டி ஏறும்போது யாரோ, "ஏய், தள்ளாதடா, செருப்புத்தானே, அதுவே மிதிக்கும்!" என்று கத்தினார்கள். ஸுபைரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அல்லாஹ்வே, இத ஒருக்காப் பாருங்களேன்!"

மரியாதைக்காகத்தான் பவாஸ் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"நிப்பாட்டுங்க" என்றார்.

நிறுத்தினார்கள்.

"கொஞ்சம் பின்னுக்குப் போங்க. இன்னும். ஆ, அந்தச் செவப்பு வண்டி. அது எனத்த?"

"அதா, அது தீப்பெட்டி வண்டி" என்றாள் ஜீவராணி. "அது உடைஞ்சது நானா. அதனாலதான் ஒங்களுக்குப் படம் அனுப்பல."

பவாஸ் துணி உறையைக் கழற்றி, வெறும் விரலால் போன் திரையைத் தொட்டுப் பெரிதாக்கினார். சிவப்பு வண்டி, மேலே திறந்த தீப்பெட்டி, அதிலிருந்து மூன்று குச்சிகள் எட்டிப் பார்த்தன. குச்சிகளின் தலை நீலம்.

"நீலத் தலை" என்றார். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இது செய்யக்குள்ள முதல் தடவை மருந்துக்கு நீலம் அடிச்சுட்டாங்க. பொறகு பிழை எண்டு நிப்பாட்டி, செவப்பு அடிச்சாங்க. என்ட்ட ஈக்கிறது செவப்புத் தலை. நீலத் தலைய நான் பதினோரு வருசமாத் தேடுறன். மலேசியாவுல ஒண்டு ஈக்கிறதா கேள்வி. நமுனுகுலையில ஈக்கு!"

மேசைமேல் நின்ற மைக்கூட்டு வண்டியை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தங்கச்சி. மைக்கூட்டு வண்டி ஒங்களுக்கு. அது எனக்கு."

"நானா, அதுக்குப் பெட்டி இல்ல."

"பரவால்ல."

"கடதாசியும் இல்ல."

"பரவால்ல."

"ஒரு சக்கரம் அதோட சக்கரம் இல்ல. தொலைஞ்சு போயிருச்சு. இவரோட சட்டைப் பொத்தான்தான் மாட்டியிருக்கு. அதான் நொண்டுது."

பவாஸ் கண்ணை மூடித் திறந்தார். சுவர் முழுக்க நின்ற நூற்று நாற்பது வண்டிகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பொத்தானா?"

"நாலு ஓட்டைப் பொத்தானுங்க" என்றான் ஜெயரூபன். "அதோட பொட்டும் இருக்கு. ஒண்டுக்கு விட்டா எல்லாத்துக்கும் விடணும்னு நானா சொன்னீங்களே."

"நல்லாக் கேளுங்க தம்பி" என்றாள் ஸுபைரா. "இந்த வீட்டுல நான் ஒரு கோப்பைய விளிம்பு உடைஞ்சதோட வச்சிருந்தேன். ஒரு வருசம் ஏச்சு வாங்கினேன்."

"நீங்க சும்மா ஈங்க" என்றார் பவாஸ். ஜீவராணியைப் பார்த்தார். "சொல்லுங்க தங்கச்சி."

ஜீவராணி சொல்லவில்லை. அவள் தீப்பெட்டி வண்டியை நினைத்துக்கொண்டிருந்தாள். சக்கரம் தொலைந்த அன்று வீடு முழுக்கத் தேடினாள். மறுநாள் ஸ்டோரிலிருந்து வந்த ஜெயரூபன், சட்டையின் மேல் பொத்தானைப் பிய்த்து, அரத்தால் தேய்த்து மாட்டிக் கொடுத்தான். பொம்மை என்று சொல்லிக்கொண்டேதான் மாட்டினான். ஒரு மாதம் அந்தச் சட்டையை ஊசி குத்திப் போட்டுக்கொண்டு போனான். அதைக் கொடுப்பதா?

அவள் யோசிப்பதை பவாஸ் பேரம் என்று நினைத்துவிட்டார்.

"சரி, குடை வண்டியும் தாரேன். ரெண்டாச்சு."

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேனா வண்டி. அதும் சேத்து. மைக்கூட்டுக்குப் பேனா இல்லாம எப்படி?"

அவள் விரலால் பெட்டியின் மூலையைத் தடவினாள். ஜெயரூபனுக்கு மூச்சே நின்றுவிடும்போல இருந்தது. வாழ்க்கையில் இப்படி ஒரு வியாபாரத்தை அவன் பார்த்ததில்லை. வாங்குகிறவர் ஏறிக்கொண்டே போகிறார். விற்கிறவள் வாயே திறக்கவில்லை.

"தங்கச்சி, நீங்க பெரிய ஆள்" என்றார் பவாஸ், நெற்றியைத் துடைத்து. "கொழும்புக்காரர் கூட என்னை இப்படி வதைக்கல்ல."

ஜீவராணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஐயோ, நான் பேரம் பேசல நானா! யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

ஸுபைரா மறுபடி சிரிக்கத் தொடங்கினாள்.

ஜீவராணி புருஷனைப் பார்த்தாள். "கொடுக்கவா?"

"ஒன்னோட வண்டி. என்னக் கேக்குற?"

"உங்க பொத்தானு."

அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது; காது வரை சிவந்தது. "அட, கொடு ராணி" என்றான். "எனக்கென்ன பொத்தானுக்குப் பஞ்சமா. வேணும்னா பொத்தானக் கழட்டிக்கிட்டு வண்டிய மட்டும்..."

"கழட்டாதீங்க!" என்று பவாஸ் கத்தியே விட்டார். "எதையும் தொடாதீங்க. பொத்தானும் ஈக்கட்டும், பொட்டும் ஈக்கட்டும். தொடைச்சா கீறல் விழும். நாளைக்குக் காலையில நானே நமுனுகுலைக்கு வாரேன்."

"மைக்கூட்டு வண்டி மட்டும் போதும் நானா" என்றாள் ஜீவராணி. "குடையும் பேனாவும் வேணாம்."

"அப்ப எடுத்துப் போங்க. இப்பவே. நாளைக்கு வரைக்கும் இத இங்க வச்சிருந்தா கொழும்புக்காரர் வந்து என்ட மனசக் கலைச்சுப் போடுவார்."

மைக்கூட்டு வண்டியை அதன் பெட்டியோடு அவள் பக்கம் தள்ளினார். பிளாஸ்டிக் வழியே அவள் பார்த்தாள். இவ்வளவு பக்கத்தில், அது இன்னும் பெரிய தோரணையோடு நின்றது.

"இது ஓடுமா நானா?" என்று கேட்டாள்.

பவாஸ் குனிந்து வண்டியின் சக்கரங்களைப் பார்த்தார்.

"கேக்குறாதானே, சொல்லுங்களேன்" என்றாள் ஸுபைரா. "பன்னிரண்டு வருசமா வச்சிருக்கீங்க. ஒருக்காவது உருட்டிப் பாத்தீங்களா?"

"திருகாணி போட்டிருக்கு" என்றார் அவர், குற்றம் சாட்டப்பட்டவரைப்போல.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, மூக்குக்கண்ணாடிக்குப் போடும் மெல்லிய திருப்புளியை எடுத்தார். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். பலகையைக் கவிழ்த்தார். ஒரு திருகாணி வந்தது. இரண்டாவது கொஞ்சம் அடம் பிடித்து வந்தது. வண்டி அவர் உள்ளங்கையில் தனியாக உட்கார்ந்தது. மேசையின் ஒரு கோடியில் அதை வைத்தார். மறு கோடியில் ஜீவராணி நின்றாள்.

"பிடியுங்க" என்று சொல்லி விரலால் ஒரு தள்ளுத் தள்ளினார்.

முதலில் அது நகரவே இல்லை. பிறகு 'கிறீச்' என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு உருண்டது. கீழே வரிசையாகக் கிடந்த கண்ணாடிச் சட்டங்களுக்கு மேலாக, சற்று இடது பக்கம் இழுத்துக்கொண்டு, ஆள் உயர மைக்கூட்டைச் சுமந்துகொண்டு, அவ்வளவு அக்கறையாக, அவளை நோக்கி வந்தது.

"பாத்து, பாத்து!" என்று ஜெயரூபன் கத்தினான். "மை கொட்டிரப் போகுது!"

ஜீவராணி இரண்டு கையையும் குவித்து அதைப் பிடித்தாள். பிடித்ததும் சிரித்தாள். விடுதி அறையில் தனியாகச் சிரிக்கும் சிரிப்பு அல்ல. கடைக்கதவுக்கு வெளியே வீதியில் போன ஒருவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்க்கும்படியான சிரிப்பு.

பவாஸ் மேசையின் அந்தக் கோடியில் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எனக்கு அனுப்புங்க" என்றார். "ஒரே ஒரு தடவை."

அவள் அனுப்பினாள். அவர் திருப்பி அனுப்பினார். அவர்கள் வீடு திரும்பவேண்டிய பதினொன்றே முக்கால் பசறை பஸ் போய்விட்டது. அதற்கடுத்த பஸ்ஸும் போய்விட்டது.